குங்குமம் வைத்த அலுமினிய நுரை

1

என் மேசையில் ஒரு காகிதப் பொட்டலம் நிறையப் பொரி இருக்கிறது. இங்கே இதைக் கடலைப்புரி என்பார்கள். நாளை விடுமுறை என்பதால் சோதனைக்கூடத்தில் ஆயுத பூஜையை இன்று காலையே முடித்துவிட்டோம். வாசலில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் காயவில்லை. போன வருடம் இதே பூஜையில் நான் ஒரு பட்டனை அழுத்தினேன். அதனால் என் கையெழுத்தை இழந்தேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நம் ஊர் நூலக மலருக்கு வெளியூர் அனுபவம் எழுதச் சொல்லி நூலகர் இரண்டு முறை செய்தி அனுப்பினார். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதிவிட்டார்களாம். நான் கடல் தாண்டியவள் இல்லை. ஆம்பூரில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் பெங்களூர். ஆனாலும் ஆதாரில் முகவரி மாற்றப் போனபோது, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு சாட்சிக் கடிதம் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை, படிவத்தைக் கன்னடத்தில் நிரப்பாததற்குக் கவுண்டரில் இருந்தவர் பெருமூச்சு விட்டார். பேருந்துப் பலகை படிக்கும் அளவுக்கு எனக்குக் கன்னடம் தெரியும். படிவக் கன்னடம் வேறு மொழி. ஆறு வருடமாக இந்த ஊரில் சம்பளம் வாங்குகிறேன். இருந்தும் அந்தப் பெருமூச்சுக்கு முன்னால் நான் வெளியூர்க்காரிதான். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

2

நான் செய்யும் வேலையை அம்மாவுக்குச் சொல்லி முடிக்க இரண்டு வருடம் ஆனது. அலுமினியத்தை உருக்கி, அதற்குள் வாயு உண்டாகும் பொடியைக் கலந்து, பொங்கும்போது உறைய வைத்தால் உலோக நுரை கிடைக்கும். வெட்டிப் பார்த்தால் ரஸ்க் மாதிரி இருக்கும், உள்ளே முழுக்கக் குட்டிக் குட்டி அறைகள். தண்ணீரில் போட்டால் மிதக்கும். முதல் முறை ஊருக்கு ஒரு துண்டு கொண்டுபோய் வாளியில் போட்டுக் காட்டியபோது அப்பா அதை எடுத்துக் கடித்தே பார்த்தார்.

இதை ஒரேயடியாக நசுக்குவது என் வேலை இல்லை. அதை யாரும் செய்யலாம். நான் செய்வது, அது தாங்கக்கூடிய சுமையை விடக் குறைவான சுமையைத் திரும்பத் திரும்ப வைத்து எடுப்பது. அழுத்து, விடு, அழுத்து, விடு. பத்து லட்சம் முறை. இயந்திரம் இரண்டு நாளுக்கு மேல் ஓடும். சாதாரண இரும்புத் துண்டு என்றால் எங்காவது ஒரு கீறல் விழுந்து, வளர்ந்து, முறியும். நுரை அப்படி இல்லை. வெளியே ஒன்றுமே தெரியாது. தலைமுடிப் பருமன் கணக்கில் உயரம் மட்டும் குறைந்துகொண்டே வரும். உள்ளே எங்கோ மெலிந்த சுவருள்ள அறை ஒன்று மடங்கும். அதன் சுமை பக்கத்து அறைகளின் மேல் விழும். பிறகு அவை. ஒரு நேரத்தில் ஒரு வரிசை அறைகள் மொத்தமாக உட்கார்ந்துவிடும். அதற்கு முந்தின நிமிடம் வரை பார்ப்பவருக்கு அது நல்ல துண்டுதான்.

அதனால் இந்தச் சோதனையில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆரம்பத்தில் இருந்த உயரத்திலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது? அந்த எண் இயந்திரத்தின் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் துண்டின் உயரம் ஐம்பது மில்லிமீட்டர். பத்து லட்சம் முறைக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தால் தோல்வி.

3

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைப் பணிவாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அப்பா கோவிந்தன் தோல் கம்பெனியில் சுமை இறக்கினார். அம்மா ஷூ கம்பெனியில் பசை தடவுகிறாள். இருவருக்கும் கைநாட்டுத்தான். பத்தாம் வகுப்பில் என் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்துக் கட்டத்தில் அப்பா பெருவிரலை ஊன்றியதும், பக்கத்துப் பெஞ்சுக்காரி அதைப் பார்த்துத் தன் அட்டையை மூடிக்கொண்டதும் எனக்கு மறக்கவில்லை. மறக்கவும் விருப்பம் இல்லை.

சோதனைக்கூடத்தில் யார் இயந்திரத்தை ஓட்டினாலும் அறிக்கையில் கையெழுத்துப் போட அதிகாரம் பெற்றவர்தான் போடலாம். ஐந்து வருடம் நான் ஓட்டினேன், மேனேஜர் பிரபாகர் சார் கையெழுத்துப் போட்டார். பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். தமிழர் என்பதால் எனக்கு முதலில் ஒரு தைரியம் இருந்தது. தேர்வு எழுதி, நேர்முகம் முடித்து, போன வருடம் அந்த அதிகாரம் எனக்கும் வந்தது. இயந்திரப் பிரிவில் முதல் பெண் நான்தான்.

மாதிரிக் கையெழுத்து கொடுக்கும்போது தமிழில் போட்டேன். கோ. மேகலா.

"ஏம்மா, இங்கிலீஷ்ல போடேன். ஆடிட்ல கேப்பாங்க," என்றார் பிரபாகர் சார்.

"கேட்டா சொல்றேன் சார், இது என் கையெழுத்துன்னு."

தொம்மலூரில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் வீட்டுக்கார ஸ்டெல்லா அக்கா இருக்கிறார். மூன்று தலைமுறையாக இந்த ஊர். விஷயம் கேட்டுச் சிரித்தார். "அடிப்பாவி, கையெழுத்தையும் தமிழ்லயா போட்டே? இங்க பேச்சை மட்டும் வச்சிக்கணும், எழுத்தைக் காட்டக் கூடாது." அவர் மகள் ஜெனி, ஒன்பது வயது. கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் தண்ணீர் மாதிரி படிப்பாள். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து தெரியாது. என் கையெழுத்தைப் பார்த்து, "ஆன்ட்டி, இதுல எது நீங்க?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். "வேணாம் ஆன்ட்டி, எக்ஸாம்ல வராது," என்றாள். அவள் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. ஸ்டெல்லா அக்கா மேல் கொஞ்சம் பட்டேன்.

4

நான் கையெழுத்திட்ட முதல் அறிக்கை, மின்சார வேன் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கானது. வேனின் தரைப்பலகையில் இரண்டு தகடுகளுக்கு நடுவே இந்த நுரையை வைத்தால் எடை குறையும், பேட்டரி அதிகத் தூரம் வரும். ஆட்களை ஏற்றிப் போகிற வேன். அம்மா காலையில் கம்பெனிக்குப் போவதும் அப்படி ஒரு வேனில்தான், நின்றுகொண்டு. ஆறு துண்டுகள் அனுப்பியிருந்தார்கள். ஆறும் பத்து லட்சத்தைத் தாண்ட வேண்டும். ஐந்து தாண்டிவிட்டன. ஆறாவது ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

ஓடுகிற இயந்திரத்துக்குப் பூஜை போட மாட்டார்கள். ஒரு மணி நேரமாவது அது ஓய வேண்டும். சுமையை இறக்கி, பம்பை நிறுத்தினோம். துண்டு இரண்டு தட்டுகளுக்கு நடுவே அப்படியே இருந்தது. லோகேஷ் அண்ணா, இங்கே பதினெட்டு வருடமாக இருக்கும் டெக்னீஷியன், மாண்டியாக்காரர், தட்டோடு வந்து எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். துண்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார். "இதுவும் நம்ம மகுதானே மேடம்," என்றார். குழந்தை என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தோம்.

பூசணிக்காய் உடைந்தது. யார் முதலில் இயக்குவது என்று பேச்சு வந்தபோது பிரபாகர் சார், "இந்த வருஷம் மேகலாதான். புது சிக்னேட்டரி," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் புடவை கட்டியிருந்தேன், தலையில் கனகாம்பரம் இருந்தது. விரல் பட்டனுக்குப் போனபோது லோகேஷ் அண்ணா சொன்னார்:

"மேடம், மேடம், முதல்ல சீரோ மாடி. பூஜை ஆச்சு, இனிமே எல்லாம் ஹொஸது. பழைய நம்பர் மேல ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

முதலில் பூஜ்யமாக்குங்கள், இனி எல்லாம் புதிது என்கிறார். இது இங்கே வழக்கம். வருடா வருடம் பூஜை முடிந்ததும் எல்லாத் திரைகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் இயக்குவார்கள். எடைத் தராசு, உலைக் கடிகாரம், எல்லாம். பெரும்பாலும் இயந்திரங்கள் காலியாக இருக்கும், அதனால் ஒன்றும் ஆகாது. அன்று என் இயந்திரம் காலியாக இல்லை. எத்தனை முறை என்று எண்ணும் எண் வேறு, அது தொடர்ந்தது. நான் பூஜ்யமாக்கியது உயரத்தின் எண்ணை. அதுவரை குறைந்திருந்த 0.7 திரையிலிருந்து போனது. கைதட்டல் கேட்டது. பட்டனை அழுத்தினேன்.

படித்தவள் நான். அந்த எண் என்ன என்று அந்த அறையில் எல்லோரையும் விட எனக்கு நன்றாகத் தெரியும். பூவும் கைதட்டலும் என்னை அரை நிமிடம் படிக்காதவளாக்கின என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன். என் அப்பா அம்மா படிக்காதவர்கள். அவர்கள் இருவரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

பத்து லட்சம் முடிந்தபோது திரையில் 0.5 இருந்தது. தேர்ச்சி. கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்தை, வாடிக்கையாளர் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அதை ஸ்டுடியோவில் கொடுத்து, பெரிதாக்கி, லேமினேட் செய்து, வீட்டில் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

5

சோதனை முடிந்த துண்டின் உயரத்தைக் கையால் அளந்து எழுத ஒரு கட்டம் படிவத்தில் உண்டு. யாரும் அளப்பதில்லை. திரையில் இருப்பதைக் கழித்து எழுதிவிடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

தை மாதம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்தத் துண்டு கையில் கிடைத்தது. குங்குமம் அறைகளுக்குள் இறங்கிக் கறுத்திருந்தது. பக்கத்தில் வெர்னியர் அளவுகோல் இருந்தது. சும்மா வைத்துப் பார்த்தேன். 49.5 இருக்க வேண்டிய இடத்தில் 48.8 இருந்தது. திருப்பி வைத்தேன், துடைத்து வைத்தேன், வேறு வெர்னியரால் வைத்தேன். 48.8. மொத்தக் குறைவு 1.2, தோல்வி. காணாமல் போன 0.7 எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பூ வாசனை கூட வந்தது.

பிரபாகர் சாரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆறுல அஞ்சு சரிதானே?"

"ஆறும் சரியா இருக்கணும் சார். அப்படித்தான் ஒப்பந்தம்."

"ரிப்போர்ட் போய் மூணு மாசம் ஆச்சும்மா. யாரும் கேக்கல. நீ ஏன் கெளர்றே?"

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்."

"அதான் சொல்றேன். ஒன் கையெழுத்து. மொதக் கையெழுத்து. வாபஸ் வாங்கினா என்ன ஆகும்னு தெரியுமா? அதிகாரம் போயிடும். திரும்ப வர வருஷம் ஆகும், வராமலும் போகும். நம்ம ஆளுன்னு சொல்றேன், லீவ் இட்."

நம்ம ஆளு. ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்று ஒரு முறைதான்.

அன்று மாலை இரண்டு பேருந்து மாறி வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் நேர்மையைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த ஆணியைப் பற்றி யோசித்தேன். அறிக்கையைத் திரும்பப் பெற்றால் வீட்டில் தொங்குவது செல்லாத தாள். பெறாவிட்டால் அது பொய்த் தாள். பேருந்தில் நின்றபடி கால் மாற்றினேன். என் காலுக்கடியில் தரைப்பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

6

பிழையை ஒப்புக்கொள்ளவும் படிவம் உண்டு. பதினோரு பக்கம். அதில் ஒரு கேள்வி: மூலக் காரணம். கீழே ஐந்து கட்டங்கள். கருவி, முறை, பொருள், சூழல், நபர். ஒன்றில்தான் குறியிட வேண்டும். வருடா வருடம் எல்லோரும் செய்யும் வழக்கத்துக்குக் கட்டம் இல்லை. "முறை" என்று குறியிடப் போனேன். முறை என்றால் சோதனைக்கூடம் முழுவதும் பதில் சொல்ல வேண்டும், பத்து வருடத்து அறிக்கைகளைத் தோண்ட வேண்டும் என்று பிரபாகர் சார் விளக்கினார். விளக்கிவிட்டுத் தன் பேனாவால் "நபர்" மேல் குறியிட்டு, கையெழுத்துக்கு என் பக்கம் நகர்த்தினார்.

லோகேஷ் அண்ணாவிடம் கேட்டேன், "பூஜை அன்னிக்கு சீரோ பண்ணச் சொன்னீங்கல்ல அண்ணா?"

"நானா? ஞாபகமே இல்லை மேடம்." அவர் கை மட்டும் கழுத்துத் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தது. "சொல்லிருந்தாலும்... நான் ஐடிஐ கூட முடிக்கல மேடம். நீங்க இன்ஜினியர் அல்வா?" அல்லவா என்பதன் கன்னடம் அது.

அவர் பெயரைப் படிவத்தில் எழுதவில்லை. அது பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். பட்டனை அழுத்தியது என் விரல், அவர் கடைசியாகச் சொன்னதும் உண்மை. உண்மையாக இருந்ததால்தான் இன்னும் ஆறவில்லை.

கையெழுத்துப் போட்டேன். கோ. மேகலா. அழகாகவே வந்தது.

புதுத் துண்டுகள் வரவழைத்து மறுபடி ஓட்டினோம். நான்தான் ஓட்டினேன். மூன்று தாண்டவில்லை. ஒன்று ஏழு லட்சத்தில் உட்கார்ந்தது. அந்த வேன் கம்பெனி நுரையை வேறு இடத்தில் வாங்கப் போனது. போவதற்கு முன், எங்கள் நிறுவனத்தின் வெளிப்படைத்தன்மையைப் பாராட்டி பிரபாகர் சாருக்குக் கடிதம் எழுதியது. அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். என் அதிகாரம் மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கப்பட்டது. பழையபடி நான் ஓட்டுகிறேன், அவர் கையெழுத்துப் போடுகிறார்.

7

சித்திரையில் ஊருக்குப் போனேன். நுழைந்ததும் அந்தத் தாள். லேமினேஷனில் வெயில் பட்டு என் பெயர் மினுங்கியது.

"அத்தக் கழட்டிடுப்பா," என்றேன்.

"ஏன்? எங்க மேஸ்திரி கூட வந்து படிச்சிட்டுப் போனாரு."

நடந்ததைச் சொன்னேன். நுரை, பூஜ்யம், பூஜை எல்லாம் கேட்டுக்கொண்டார். பதினோரு பக்கத்துக்கு வந்தபோது, "காரணம்னு இன்னா எழுதிகிறாங்க?" என்று கேட்டார்.

"ஆள்னு. நான்தான்னு."

அப்பாவின் வலது கால் முட்டிக்குக் கீழே சற்று உள்ளே வளைந்திருக்கும். நான் ஏழாவது படிக்கும்போது தோல் சுழற்றும் டிரம்முக்குப் பூட்டு போடாமல் யாரோ ஓட்டிவிட்டார்கள். கம்பெனியில் ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னார்கள். பல வருடம் கழித்து அதை நான்தான் படித்துக் காட்டினேன். "என் கவனக்குறைவால் நேர்ந்தது" என்று அதில் இருந்தது.

அப்பா எழுந்து, அந்தக் காலை இழுத்துப் போய், ஆணியிலிருந்து தாளைக் கழற்றினார். சட்டை நுனியால் அதன் தூசியைத் துடைத்தார்.

"நான் படிக்கத் தெரியாம வச்சன்," என்றார். "நீ படிச்சிகினே போட்டியா?"

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "வந்ததும் வராததுமா அவள இன்னா கேக்கற?" என்றாள். அவர் தாளைப் பீரோவுக்குப் பின்னால் செருகினார். ஆணி அப்படியே இருக்கிறது.

அவர் கேட்டதற்கு இப்போதும் பாதிப் பதில்தான் இருக்கிறது. ஆமாம், படித்துத்தான் போட்டேன். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் முதலாவதை அழிக்க வழி இல்லை. அதற்கு அவர்கள் வைத்த விலை "நபர்" என்ற அந்தக் கட்டம்.

8

வைகாசியில் ஒரு அறிவிப்பு எழுதி என் இயந்திரத்தில் ஒட்டினேன். துண்டு உள்ளே இருக்கும்போது உயரத்தைப் பூஜ்யமாக்காதே என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். கன்னடத்தை ஜெனி எழுதிக் கொடுத்தாள், குண்டு குண்டாக, இரண்டு பிழையை அவளே அழித்துத் திருத்தி. அடியில் நான் தமிழில் கையெழுத்திட்டேன். இந்தக் கட்டடத்தில் செல்லும் என் கையெழுத்து அது ஒன்றுதான்.

இன்று காலை லோகேஷ் அண்ணா தட்டோடு வந்தார். அறிவிப்புத் தாளுக்கும் பொட்டு வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. விரலைக் கொண்டுபோன வேகத்தில் ஒரு கணம் நிறுத்தி, என் பெயரின் மேல் படாமல் ஓரமாக வைத்தார். பூஜையைத் தாண்டி எந்தச் சோதனையும் ஓடக் கூடாது என்று இந்த வருடம் உத்தரவு. இயந்திரம் காலி. அந்த உத்தரவுக்கும் பிரபாகர் சாருக்குப் பாராட்டு வந்திருக்கிறது.

பூசணிக்காய் உடைந்ததும் அவர் கூப்பிட்டார். "மேகலா, வாம்மா. போன வருஷம் மாதிரி நீயே ஸ்டார்ட் பண்ணு. ஃபோட்டோ எடுக்கணும்."

எல்லோரும் பொரி மென்றுகொண்டிருந்தார்கள். நான் இயந்திரம் வரை போனேன்.

"சார், என் கையெழுத்து எப்ப திரும்ப வரும்?"

மெல்லுகிற சத்தம் நின்றது. அவர் சிரித்தார். "பூஜை நேரத்துல இதெல்லாம் என்ன? பாக்கலாம்மா."

"அப்ப பட்டனையும் பாக்கலாம் சார்."

கூட்டத்திலிருந்து விலகி என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். பிறகு பிரபாகர் சார் தானே அழுத்தினார். யாரோ படம் எடுத்தார்கள். இங்கிருந்து திரை தெரிகிறது. எண் பூஜ்யத்தில் நிற்கிறது. தட்டுகள் நெருங்குகின்றன, விலகுகின்றன. நடுவில் ஒன்றும் இல்லை.